ஜன்னலைத் திறக்கச் சொன்ன இயக்குநர்

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கும் சாயத் தொழிற்சாலையின் இயக்குநர் குழுவில் ஓர் அம்மா இருந்தார். ஒல்லியான உருவம், வெள்ளைத் தலை, கசங்கிய பருத்திச் சேலை. அவர் கேட்ட கேள்விக்கு நாம் பதில் சொன்ன பிறகும் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். மறைக்க நினைத்ததையும் நாமே சொல்லிவிடுவோம்.

கழிவுநீரைச் சுத்திகரிக்கப் புதிய நிலையம் வேண்டும் என்று நாங்கள் கேட்டுக்கொண்டே இருந்தோம். சென்னையில் கூடும் குழுவோ தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது. ஒருநாள் அந்த அம்மா மட்டும் தனியாக வந்து, மதிலுக்கு வெளியே ஓடும் கால்வாயைக் காட்டச் சொன்னார். அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் எங்களைப் பார்த்ததும் கோபமாகக் கேட்டாள்.

"இன்னாம்மா, சும்மா பாத்துக்கினு போயிடுவீங்களா? மாடுகூட இதுல வாய் வெக்கறதில்ல. நாங்க இங்கதான குடியிருக்கோம்?"

"மத்தவங்களையும் கூட்டிட்டு வரேம்மா," என்றார் அவர்.

அடுத்த கூட்டம் எங்கள் ஆலையிலேயே நடந்தது. அம்மா ஏசியை நிறுத்திவிட்டு ஜன்னல்களைத் திறக்கச் சொன்னார். குழுத் தலைவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"நாத்தம் தாங்கல, மூடுங்க."

"முடிவெடுத்துட்டு மூடலாம் சார்," என்றார் அம்மா.

எல்லோரும் கை தூக்கினார்கள். புதிய நிலையம் வந்தது. கால்வாயில் நாற்றம் குறைந்தது. ஆனால் அந்த அம்மாவின் பதவிக்காலம் முடிந்தபோது குழு அதை நீட்டிக்கவில்லை. வழியனுப்பு விழாவில் குழுவினர் ஒருவர் விடாமல் அவரைப் புகழ்ந்து பேசினார்கள். அவர்களில் யார் அவரை வேண்டாம் என்றது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.