சொந்தமாகக் கட்டிய கம்பைலர்

பதுளையில் நான் படித்த கணினி வகுப்புக்கு, பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒருவர் வந்துகொண்டிருந்தார். ஒடிசலான உடம்பு, முழங்கை நைந்த ஸ்வெட்டர். நாங்கள் அவரை அண்ணன் என்றே கூப்பிட்டோம்.

நாங்கள் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர், வகுப்பில் இருந்தது அரதப் பழசு. பிழை எந்த வரியில் என்று காட்டும் டிபக்கரோ இல்லவே இல்லை. அவர் இரண்டின் மூல நிரலையும் இறக்கி, தானே கட்டத் தொடங்கினார். அந்த ஓட்டைக் கணினியில் அந்தக் கட்டும் வேலை நாள்கணக்கில் ஓடியது. யாரும் அணைத்துவிடக் கூடாதென்று, போகும்போது பஸ் டிக்கெட்டை மடித்து சுவிட்சின் மேல் ஒட்டிவிட்டுப் போவார்.

"ரெடிமேடா ஏத்திக்கலாமேண்ணே?" என்று கேட்டேன்.

"அதுக்கு பாஸ்வேர்ட் வேணுமே. லேப் பொறுப்பாளர் தர மாட்டேங்கிறாரு. நம்ம ஃபோல்டருக்குள்ள நாமளே கட்டிக்க யாரையும் கேக்க வேணாம்."

கட்டி முடித்தார். என் நிரலை அதில் ஓட்டி, என்னை வாரக்கணக்கில் அலைக்கழித்த பிழையைக் காட்டினார்.

மறுவாரம் ஃபோல்டர் காலி. அனுமதியில்லாமல் ஏற்றியது என்று பொறுப்பாளர் மொத்தத்தையும் அழித்திருந்தார். முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுவிட்சில் டிக்கெட் மட்டும் அப்படியே இருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போய்க் கேளுங்கண்ணே!" என்றேன்.

அவர் டிக்கெட்டை மெதுவாக உரித்தெடுத்தார்.

"எங்க லயத்து வீட்டுக்குப் பின்னால, சமைக்க ஒரு குசினிக்குன்னு தகரம் அடிச்சோம். தோட்டத்த நடத்துற தொரைகிட்ட கேக்காம கட்டிட்டோமாம், தோட்டத்து ஆளுங்க வந்து பிரிச்சாங்க. அவங்களாவது பிரிச்ச தகரத்த வச்சிட்டுப் போனாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எப்படிச் சிரிக்க முடிந்தது என்று நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.