சம்பந்தி மூடாத மைக்ரோமீட்டர்

பேத்தி ஒலெட்டா பிறந்த மறுநாள் என் சம்பந்தி டென்சில் கோகர் சட்டைப்பையில் அளவு நாடாவோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். பிள்ளை இருபதரை அங்குலம் என்று நர்ஸ் எழுதிக் கொடுத்திருந்தாள். இவர் போர்வையை விலக்கி, தலையிலிருந்து குதிகால் வரை நாடாவை வைத்துப் பார்த்தார்.

"பத்தொம்பதுதான் இருக்கு."

"புள்ள காலை மடக்கி வெச்சிருக்கு மாமா," என்றாள் என் மகள் கெண்ட்ரா. அவருடைய மகன் ராண்டலைத்தான் கட்டியிருக்கிறாள்.

"நான் இருக்கிறபடிதான் அளப்பேன். இவங்க இழுத்துப் புடிச்சு அளந்திருப்பாங்க. எல்லாத்தையும் கூட்டித்தான சொல்லுவாங்க."

அந்தப் பிள்ளை என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. அதன் நகம் ஒவ்வொன்றும் அரிசிக் குருணை அளவு. அறுபத்தாறு வயதில் எனக்கு இப்படி ஒரு சந்தோஷம் மிச்சம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. பத்தொன்பதோ இருபதரையோ, யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும்.

டென்சில் அப்படி ஆனதற்குக் காரணம் இருக்கிறது. அவருடைய அப்பா வெட்டிய நிலக்கரியைச் சுரங்கக் கம்பெனித் தராசு எப்போதும் குறைத்தே காட்டியதாம். சாப்பாட்டு மேசையில் தினமும் அதுதான் பேச்சு. அந்தப் பேச்சில் வளர்ந்த பையன், பெரியவனானதும் பெட்ரோல் பங்க்கில் எண் ஓடுவதைக் கண் இமைக்காமல் பார்ப்பான். தேவாலயத்தில் பாட்டுப் புத்தகத்தின் பக்க எண்ணைக்கூட இன்னொரு புத்தகத்தில் சரிபார்ப்பான். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டினார். ஒரு நாள்கூட பின்னால் பிள்ளைகளை எண்ணாமல் கதவைச் சாத்தியதில்லை. அதில் யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது.

அவர் இந்த உலகத்தில் சந்தேகப்படாதது ஒன்றே ஒன்று. அவருடைய தாய்மாமன் ஹாயிட் விட்டுப்போன மைக்ரோமீட்டர். ஹாயிட் சுரங்கத்தின் பட்டறையில் கடைசல் வேலை பார்த்தவர். அங்குலத்தை ஆயிரமாகப் பங்கு போட்டு அளக்கும் அந்தக் கருவி, பச்சைத் துணி விரித்த மரப்பெட்டிக்குள் இருக்கும். வேறு யார் கையும் அதில் பட்டதில்லை.

எங்கள் பள்ளத்தாக்கில் யார் துப்பாக்கி வாங்கினாலும் முதலில் டென்சிலின் கொட்டகைக்குத்தான் கொண்டுபோவார்கள். எங்களில் பாதிப்பேர் சொந்தமாக ஈயம் உருக்கிக் குண்டு வார்ப்பவர்கள். வார்த்த குண்டுக்குக் குழலின் அளவு சரியாகத் தெரிய வேண்டும். குண்டு குழலைவிட ஒரு நூலளவு பெருத்திருந்தால்தான் குழலின் உட்பக்கம் சுற்றி வெட்டியிருக்கும் வரிகளை இறுகப் பிடிக்கும். சிறுத்துப் போனால் நெருப்பு பக்கத்தில் புகுந்து ஈயத்தை உருக்கிக் குழலில் அப்பிவிடும். குறி எங்கேயோ போகும். அதனால் டென்சில் தூண்டிலில் கட்டும் ஈயக்கட்டி ஒன்றை எண்ணெயில் நனைத்து, குழலுக்குள் மெதுவாகத் தட்டி இறக்கி, மறுபக்கம் வெளியே எடுத்து, அதில் வரி பதிந்த மேட்டை அளப்பார். அளந்ததைச் சுவர்ப் பலகையில் பென்சிலால் எழுதுவார்.

அந்தப் பலகையில் என் பெயரும் இருந்தது. "பெல்ச்சர். முப்பத்திரண்டு. 324. குழல் போச்சு."

பதினொரு வருஷத்துக்கு முந்தைய எழுத்து அது. என் அப்பாவின் முப்பத்திரண்டு ஸ்பெஷல் துப்பாக்கி. துப்பாக்கிப் புத்தகப்படி குழல் அங்குலத்தில் ஆயிரத்துக்கு 321 இருக்க வேண்டும். டென்சில் நாலு பேர் முன்னால் தீர்ப்புச் சொன்னார்.

"உங்கப்பா சுட்டுட்டு ஒருநாளும் துடைக்கல போலிருக்கு. துரு தின்னுடுச்சு. வேலிக்கு முட்டுக் கொடுக்கலாம்."

என் அப்பா தன் செருப்பைத் துடைக்க மறந்தாலும் துப்பாக்கியைத் துடைக்க மறக்காதவர். நான் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மறுவாரமே டென்சிலின் மச்சான் பர்ல் வந்து நின்றான். "அந்தப் பழைய இரும்ப நான் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டான். அன்று எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். டென்சிலும் மச்சானும் பேசிவைத்துக்கொண்டு என் அப்பாவின் பெயரைக் கெடுத்து, துப்பாக்கியைச் சும்மா அமுக்கப் பார்க்கிறார்கள். அதைக் குளிர்கோட்டுகளுக்குப் பின்னால் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பிறகு என் மகள் போயும் போயும் அந்த வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டாள். சம்பந்தி ஆகிவிட்டோம். சந்தேகம் மட்டும் அப்படியே இருந்தது.

இந்த வருஷம் டென்சிலுக்குத் தோளில் அறுவை சிகிச்சை நடந்தது. அவருடைய பெரிய நாற்பத்தைந்து துப்பாக்கி கழுதை மாதிரி உதைக்கும். டாக்டர் அதைத் தொடக்கூடாது என்றுவிட்டார். நவம்பரில் மான் வேட்டைக் காலம் தொடங்கும் திங்கட்கிழமை அன்று டென்சில் ஐம்பத்தொரு வருஷமாகக் காட்டில் இருந்திருக்கிறார். இந்தத் திங்கட்கிழமை வீட்டில் உட்காருவதா? அவருடைய மனைவி ஆர்வெல்லா எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, நீங்கதான் கூட்டிட்டுப் போகணும். அவரால வண்டி ஓட்ட முடியல. மெதுவா உதைக்கிற ஒண்ணு கிடைச்சா வாங்கிடுங்க. இல்லேன்னா திங்கக்கிழமை என் சமையல்கட்டுல உக்காந்து உப்பு எத்தன கல்லுன்னு எண்ணிட்டிருப்பாரு."

கிளம்பினோம். டென்சில் மடியில் மரப்பெட்டி, காலடியில் ஈயக்கட்டியும் மரச்சுத்தியும். வழியில் பெப்பரோனி ரோல் வாங்கிக் கொடுத்தேன். அதைப் பிரித்து உள்ளே எத்தனை துண்டு இறைச்சி என்று பார்த்தபிறகுதான் கடித்தார்.

முதல் கடையில் ஒரு முப்பது-முப்பது துப்பாக்கி. கைக்கு அடக்கம், உதையும் கம்மி. ஈயம் அடித்து அளந்தார். "முன்னூத்திப் பதினொண்ணு. முன்னூத்தி எட்டுதான் இருக்கணும். இவன் நமக்குத் தேஞ்சத தள்ளப் பாக்குறான்." கடைக்காரர் முகம் சிவந்துபோனது.

அடுத்தது தீயணைப்பு நிலையத்தில் நடந்த துப்பாக்கிச் சந்தை. அங்கே ஒரு முப்பத்தைந்து. "முன்னூத்தி அறுபத்தொண்ணு. ஐம்பத்தெட்டு இருக்கணும். சம்பந்தி, வண்டிய எடுங்க."

மூன்றாவது, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவர் வீட்டில். முப்பத்தெட்டு-ஐம்பத்தைந்து. பெட்டியில் போட்டபடி புதுசாக இருந்தது. ஒரு மான்கூட அதனால் சாகவில்லை என்று கிழவர் சத்தியம் செய்தார்.

டென்சில் அளந்தார். "முன்னூத்தி எண்பது. எழுபத்தேழு இருக்கணும். சத்தியம் வேற பண்றாரு பாருங்க."

திரும்பும்போது வண்டியில் அவர் புலம்பிக்கொண்டே வந்தார். "ஊரே திருட்டுப்பய ஊரு. ஒருத்தன்கிட்டயும் நல்ல குழல் இல்ல."

அது என் காதில் ஏறவில்லை. என் மண்டைக்குள் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் வால்வு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் பரிசோதனை மேசையில் உட்கார்ந்தவன். அங்கே எங்களுக்கு ஒரு பழக்கம். ஒரு கூடையில் ஒரு துண்டு தப்பாக இருந்தால் துண்டில் கோளாறு. எல்லாத் துண்டும் ஒரே அளவுக்குத் தப்பாக இருந்தால் துண்டைக் கீழே வைத்துவிட்டு அளவுகோலைப் பார்க்க வேண்டும்.

முதல் கடையில் மூன்று கூடுதல். சந்தையில் மூன்று. கிழவரிடமும் மூன்று. என் அப்பாவிடம், 321-க்கு 324. அதுவும் மூன்று.

டென்சில் வீடு வந்ததும் கொட்டகைக்குள் போய்ப் பலகையைப் படித்தேன். டென்சில் என்னைக் கண்ணால் துரத்திக்கொண்டிருந்தார்.

"அங்க என்ன தேடுறீங்க?"

"உங்க மைக்ரோமீட்டர எப்பவாவது முழுசா மூடிப் பாத்திருக்கீங்களா சம்பந்தி?"

"மூடக் கூடாது. ஹாயிட் மாமா சாகறதுக்கு முன்னாடி சொன்னது. 'டேய், இத எப்பவும் மூடாத.' நான் நாப்பது வருஷமா மூடல."

எனக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டேன். "அது பெட்டியில வைக்கிறப்ப மூடாதேன்னு சொன்னது. எங்க ஃபேக்டரியிலயும் சொல்லுவாங்க. வாய் ஒட்டிக்கிட்டு துருப்பிடிக்கும்னு. தினம் காலையில ஒருவாட்டி மூடிப் பாத்துட்டுத்தான் வேலையே தொடங்குவோம்."

அவர் பெட்டியை இழுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "உங்கப்பன் துப்பாக்கிய என் தலையில கட்டப் பாக்குறீங்க. இதுக்குத்தான் காலையிலேர்ந்து வண்டி ஓட்டுனீங்களா?"

"பர்ல அனுப்பி அதச் சும்மா வாங்கப் பாத்தது யாரு?"

"பர்லா? எந்தப் பர்ல்? அவன் எப்ப வந்தான்?" அவர் முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவே தெரியவில்லை. "அந்தப் பரதேசி உங்ககிட்ட வந்து கேட்டானா? என் பேரச் சொல்லியா?"

பதினொரு வருஷம் நான் சுமந்தது அந்த ஒரு நிமிஷத்தில் எங்கே போனது என்று தெரியவில்லை. ஆனாலும் குழல் போச்சு என்று எழுதியது எழுதியதுதானே. பாக்கெட்டிலிருந்து, அளவுகோலைச் சரிபார்க்கும் அரை அங்குல எஃகுக் கட்டையை எடுத்தேன். தொழிற்சாலையை மூடும்போது எனக்குக் கொடுத்தது. "இத அளங்க. ஐந்நூறு காட்டணும்."

"அது ஐந்நூறுன்னு எவன் சொன்னான்?"

"கட்டையிலயே வெட்டியிருக்கு."

"வெட்டுறவன் எத வேணா வெட்டுவான்."

ஆர்வெல்லா வாசலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தாள். ஈயம் இருக்கிற கொட்டகைக்குள் ஒலெட்டா வரக்கூடாது என்பது டென்சில் போட்ட சட்டம். பிள்ளையைத் தொடும் முன் சட்டை மாற்றி, கை இரண்டு தடவை கழுவி, என் கையையும் மோந்து பார்ப்பார். அவள் அங்கிருந்தே கத்தினாள். "அந்தச் சனியன மூடித்தான் காட்டேன்யா! உன் மாமன் ஒண்ணும் எழுந்து வரமாட்டாரு!"

நான் கட்டையை வைத்துவிட்டேன். "சம்பந்தி, கட்டை வேண்டாம். என் துப்பாக்கியும் வேண்டாம். ஒண்ணுமே இல்லாதத அளங்க. ஒண்ணுமில்லேன்னா அது ஒண்ணுமில்லேன்னுதான காட்டணும்? அதுல நான் எப்படி உங்கள ஏமாத்த முடியும்?"

அவர் பெட்டியைத் திறந்து கருவியை எடுத்து, சுத்தமான காகிதத்தை அதன் வாயில் கவ்வவைத்து உருவித் துடைத்தார். மெதுவாகத் திருகினார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

இன்னொரு தடவை துடைத்தார். இன்னொரு தடவை மூடினார்.

"மூணு," என்றார்.

உடனே தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "நான் அசந்த நேரத்துல நீங்க இதத் திருகிட்டீங்களா?"

"பலகையப் பாருங்க. நான் இந்தக் கொட்டகைக்குள்ள கால் வைக்கிறதுக்கு முன்னாடி எழுதினதயும் பாருங்க."

பார்த்தார். பென்சிலை எடுத்து ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் மூன்றைக் கழித்து எழுதிக்கொண்டே வந்தார். பதினேழு பெயர். தேய்ந்தது, ஊதிப்போனது, வேலிக்கு முட்டு என்று அவர் தீர்ப்பெழுதிய பதினேழில் பதினாறு புத்தகத்தில் இருக்கிற அளவுக்கே வந்தன. தன் நாற்பத்தைந்தின் குழலை மட்டும் அவர் அளந்ததே இல்லை. அவர் வார்த்த குண்டையும் அளந்ததில்லை. தன் கையால் செய்ததை எதற்கு அளப்பது?

நான் வீட்டுக்குப் போய்க் குளிர்கோட்டுகளை விலக்கி அப்பாவின் துப்பாக்கியை எடுத்து வந்தேன். ஈயம் அடித்து, அளந்து, மூன்றைக் கழித்தார். 321. கண்ணாடி மாதிரிக் குழல்.

"உங்கப்பா துடைச்சிருக்காரு," என்றார். எனக்கு அது போதும்.

மறுநாள் சனிக்கிழமை, என் அப்பாவின் துப்பாக்கியும், ஹாயிட் மாமனின் பழைய அச்சில் அதற்கென்று வார்த்த குண்டுமாக மேய்ச்சல் நிலத்துக்குப் போனோம். அறுபது கஜத்தில் ஒரு காகிதத் தட்டு. ஐந்து குண்டு. ஐந்து ஓட்டையையும் ஒரு பிஸ்கட்டால் மூடிவிடலாம். தோள் வலித்ததா என்று கேட்டேன்.

"உதைக்கவே இல்ல. காத்தும் இல்ல இன்னிக்கு," என்று குறி தப்பாததற்குக் காற்றைக் காரணம் காட்டினார். "இத எனக்கு எதுக்குக் குடுக்குறீங்க? என்ன வேணும் உங்களுக்கு?"

"திங்கக்கிழமை சுடுங்க. அப்புறம் ஒலெட்டாவுக்கு."

"நடுவுல நீங்க கேட்டு வாங்கிட்டா?"

"எழுதித் தரட்டுமா?"

"தாங்க," என்றார். சிரிக்கவில்லை. ஆர்வெல்லாவின் மளிகைச் சீட்டின் பின்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து வந்ததும் டென்சில் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பலகையில் இருந்த ஒவ்வொருவருக்கும் போட்டார். நான் அவரெதிரில் பீன்ஸும் சோள ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"நான் டென்சில். உங்க துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு. தப்பு என் அளவுல... ஆமா... வித்துட்டீங்களா? யாருக்கு?" ஒருவன் திட்டிவிட்டு வைத்துவிட்டான். இன்னொருவன் ரொம்ப நேரம் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்கு இங்கே கேட்டது. டென்சில் காதிலிருந்து போனை எடுக்காமல் அது முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பர்லுக்கு மட்டும் வேறு பேச்சு. அதை இங்கே எழுத முடியாது.

கடைசிப் போனையும் வைத்துவிட்டு, இரண்டு தடவை கை கழுவி, சட்டை மாற்றி, கெண்ட்ராவிடம் பிள்ளையை வாங்கிக்கொண்டார். ஒலெட்டா ஒரு நெளிப்பு நெளிந்து காலை நீட்டியது. ரொம்ப நீளமாகத்தான் நீட்டியது.

"கெண்ட்ரா," என்றார், பிள்ளையின் பாதத்தைப் பார்த்துக்கொண்டே. "அந்த நர்ஸு எவ்வளவுன்னு சொன்னா?"

"இருபதரை, மாமா."

"அதையே எழுதிக்க."