அவர் சிரிக்க வேண்டிய காட்சி

என் வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையில லென்ஸ் தேய்க்கிறவர். நாள் பூரா மெஷின் சத்தம், வீட்டுக்கு வந்தா வாய்க்குப் பூட்டு. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்துல அவர் வாய்விட்டுச் சிரிச்சு நான் பார்த்ததில்ல. ரெண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசுறேன்னு நாத்தனார் கிண்டல் பண்ணுவாங்க. பேசுறேன்னு சொல்றது மரியாதைக்கு, திட்டுறேன்னுதான் அர்த்தம்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள், "நம்ம சோபாவை நாடகத்துக்குக் கேக்கறாங்க. நானும் நடிக்கிறேன்"ன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. சோபா போனாப் போகட்டும், இவர் அதுல உக்காந்து என்னத்தைப் பேசப் போறார்? தெரிஞ்சுக்கலைன்னா எனக்கு மண்டையே வெடிச்சிடும். சோபாவைப் பார்த்துக்கறேன்னு ஒரு சாக்கு சொல்லிட்டு ஒத்திகைக்குக் கிளம்பிட்டேன்.

நூலக மாடியில ஒத்திகை. டைரக்டர் யாருன்னு பார்த்தா, எங்க தெருவுக்குத் தபால் கொண்டு வர்ற அம்மா. காலையில பணிவா கையெழுத்து வாங்குறவங்க, சாயங்காலம் எல்லாரையும் விரட்டு விரட்டுன்னு விரட்டுறாங்க. எங்க ஊர் பல் டாக்டருக்குத்தான் திருடன் வேஷம். ஜன்னல் ஏறிக் குதிக்கத் தெரியாம தினமும் சட்டையைக் கிழிச்சுக்குவார். சிரிச்சு சிரிச்சு எனக்கு வயிறே வலிச்சுது. மறுநாள்லேருந்து நானும் ஊசி நூலோட போக ஆரம்பிச்சுட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு வசனமெல்லாம் தண்ணி பட்ட பாடு. ஆனா ஒரு கடிதத்தைப் படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிக்கணும், அங்கதான் மாட்டிக்கிட்டார். இருமல் மாதிரி என்னவோ வரும். கடைசியில அந்தம்மா, "சார், வெள்ளிக்கிழமைக்குள்ள சிரிப்பு வரலைன்னா வேஷத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்"ன்னாங்க. வீட்டுக்கு நடந்து வரும்போது அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. நாடகம் இவருக்கு இவ்வளவு பிடிச்சிருக்குன்னு அப்பதான் தெரிஞ்சுது.

வெள்ளிக்கிழமை சோபாவுல உக்காந்து, சட்டைப் பையிலேருந்து கடிதத்தை எடுத்துப் பிரிச்சார். படிச்சார். தோள் குலுங்கிச்சு. அப்புறம் சிரிச்சார் பாருங்க, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு. டைரக்டரம்மா போதும் போதும்னு சொல்லியும் நிறுத்தல. எல்லாரும் கை தட்டினாங்க. எனக்குச் சந்தோஷம்தான். ஆனா இந்த மனுஷன் இத்தனை நாளா இந்தச் சிரிப்பை எங்க வெச்சிருந்தார்?

எல்லாரும் டீ குடிக்கப் போனதும் அந்தக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். முந்தின நாள் வரைக்கும் அது வெறும் வெள்ளைத் தாள். இப்ப அதுல அவரோட குண்டு குண்டு கையெழுத்து.

"பல்பு மாத்தச் சொல்லி மூணு நாளாச்சு. பார்த்துக்கிட்டே இருந்தா அது வெக்கப்பட்டு எரியுமா?"

"இது மூணாவது குடை. அடுத்த தடவை நீங்க தொலைஞ்சு போங்க, குடையாவது வீடு வந்து சேரட்டும்."

பக்கம் பூரா இப்படியே. அத்தனையும் எப்பெப்பவோ நான் திட்டினது. ஒரு வார்த்தை மாறல.

தாளோட அவர் முன்னாடி போய் நின்னேன். எனக்கு வர்றது கோபமா, அழுகையான்னு எனக்கே தெரியல. "அப்பவே சிரிச்சிருக்கலாமே. ஏன் அடக்கிக்கிட்டீங்க?"ன்னேன்.

அவர் டீ டம்ளரைக் கீழ வெச்சார். "சிரிச்சா, நீ திட்டுறதை நிறுத்திடுவியோன்னுதான்."