பாங்கு நேரத்து வசனம்

எனக்கு மிகப் பிடித்த படங்கள் எதையும் நான் பார்த்ததில்லை. கேட்டிருக்கிறேன். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். இந்தக் காலத்துப் படங்களில் நூறு வயலினை ஒன்றாக வாசித்துக் காதைக் கிழிக்கிறார்களே, அதைப் பார்த்து நான் சிரிப்பதில்லையா, அதற்கு இது சரி.

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது எங்கள் வளவுக்குப் பின்னால் படக்கொட்டகை வந்தது. தென்னோலைக் கிடுகால் வேய்ந்த கொட்டகை. அதன் பின்பக்கச் சுவரும் எங்கள் வேலியும் ஒன்றுதான். கொட்டகைக்காரர் அந்த அளவுக்குக் கிடுகை மிச்சம் பிடித்திருந்தார். வேலியில் ஓட்டை போட்டுப் படம் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எங்களுக்கு முன்பே வாப்பா அதை யோசித்துவிட்டார். கொட்டகை எழும்பிய அன்றே எங்கள் பக்கத்தில் இன்னொரு வரிசைக் கிடுகு கட்டிவிட்டார். கோழி போய்வரும் பொந்து ஒன்று மட்டும் கீழே மிஞ்சியது. கண்ணுக்குத் திரை போட்ட வாப்பா காதை மறந்துவிட்டார்.

முதலில் சட்டியில் மீன் பொரிவது போல ஓர் இரைச்சல் வரும். அதுதான் படம் தொடங்குவதற்கு அடையாளம். பிறகு வாத்தியங்கள். கெட்டவன் வருமுன் தடித்த தந்தி ஒன்று இரண்டு தரம் உறுமும். கதாநாயகி அழுவதற்கு முன்பே வயலின் அழத் தொடங்கிவிடும். அவள் அழுவாளா மாட்டாளா என்ற கவலையே எங்களுக்கு இல்லை. மழைக்குத் தகரத்தை ஆட்டுகிறார்கள் என்று நான் சொல்லுவேன், இல்லை, அரிசியைச் சுளகில் கொட்டுகிறார்கள் என்று ராத்தா சொல்லுவாள். ராத்தா என்றால் என் மூத்த சகோதரி. மூன்று நாள் கேட்டால் ஒரு படம் முழுதும் எங்களுக்கு மனப்பாடம்.

ஒரு படம் மட்டும் மனப்பாடம் ஆகவில்லை. அதில் ஒரு பொத்தல் இருந்தது.

கொட்டகைக்கு அனுமதி கொடுத்தபோது பள்ளிவாசலை நடத்தும் மரைக்கார்மார் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்லும் நேரத்தில் கொட்டகையிலிருந்து சத்தம் வரக்கூடாது. படத்தை நிறுத்தினால் மெஷினின் சூட்டில் பிலிம் கருகிவிடும். ஆகவே மெஷின்காரர் படத்தை ஓடவிட்டுச் சத்தத்தை மட்டும் அடக்கிவிடுவார். அந்தப் படத்தில் ஒரு புருஷன் மாமனாரோடு சண்டை பிடித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போகிறான். மனைவி வாசலில் நிற்கிறாள். ஒற்றை வயலின், மிகத் தாழ்ந்த சுருதியில், இழுத்துக்கொண்டே போகும். சரியாக அந்த இடத்தில், இரவுத் தொழுகைக்கான இஷா பாங்கு. பாங்கு முடிந்து சத்தம் திரும்பும்போது புல்லாங்குழல் துள்ளிக்கொண்டிருக்கும், புருஷனும் மனைவியும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அந்த வயலின் எப்படி இந்தப் புல்லாங்குழல் ஆனது? அவன் தானாக வந்தானா, அவள் கூப்பிட்டாளா?

எனக்கு அது ஒரு விடுகதை. ராத்தாவுக்கு அப்படியில்லை. ஏனென்றால் எங்கள் வீட்டிலிருந்தும் ஒரு புருஷன் போயிருந்தார்.

ராத்தாவுக்குக் கலியாணமாகி ஐந்து மாதம். எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வாழ வருவார். எங்கள் வீட்டுக்கு அப்படி வந்த மச்சான் மருதமுனையில் கைத்தறி நெய்பவர். தறி மிதித்துப் பழகிய காலோ என்னவோ, உட்கார்ந்திருந்தாலும் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். வாய் கொட்டகைப் பாட்டை முணுமுணுக்கும். வாப்பா வெள்ளாமைக்காரர். அவருக்குத் தெரிந்த சங்கீதம் வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் ஒன்றுதான். ஒருநாள் மச்சானும் வாப்பாவும் ஒரே சகனில், அந்தப் பெரிய தட்டில், சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மச்சான் தன்னை மறந்து முணுமுணுத்துவிட்டார்.

“மாப்பிள எடுக்கிறன் எண்டு பாட்டுக்காரனையா எடுத்துப் போட்டன்?” என்றார் வாப்பா.

மச்சான் கையைக் கழுவினார். சட்டையைக்கூடப் போடாமல், தோளில் போட்டுக்கொண்டு தன் உம்மாவின் வீட்டுக்குப் போய்விட்டார்.

கோபித்துப் போன மருமகனைப் பெண் வீட்டுப் பெரியவர்கள் போய்க் கூப்பிட வேண்டும், அதுதான் முறை. வாப்பா போக மாட்டேன் என்றார். கூப்பிடாமல் வந்தால் மச்சானுக்கு மானக்கேடு. ராத்தா ஆள் அனுப்பினால், புருஷனுக்குப் பின்னால் ஓடுகிறாள் என்று ஊர் சொல்லும். பத்து நாளாயிற்று. உம்மா இரண்டு பேருக்கும் நடுவில் நின்று சோற்றுக்கு ஆணம் காய்ச்சிக்கொண்டிருந்தா. இன்னும் கொஞ்ச நாள் போனால் இரண்டு குடும்பத்துக் குடிப் பெரியவர்களும் கூடிப் பேசி, பேச்சு முற்றி, கடைசியில் தலாக்கில் முடிந்துவிடும் என்று அடுத்த வளவுப் பெண்கள் கதைத்தது ராத்தாவின் காதிலும் விழுந்தது. அவள் சோறு தின்பது குறைந்துவிட்டது.

மாலையானால் மட்டும் வேலியோரம் வந்து நிற்பாள். இஷா பாங்கு தொடங்கும், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வாள். பாங்கு நேரத்தில் கதைக்கக் கூடாது என்பதால் நானும் வாயை மூடிக்கொண்டு நிற்பேன். அந்தப் பொத்தலுக்குள் என்ன நடக்கிறது என்று அறிய நான் செய்யாத வேலை இல்லை. பாங்கு சொல்லும் மோதினாருக்குத் தொண்டை கட்ட வேண்டும் என்று துஆக்கூடக் கேட்டேன். தொண்டை கட்டியது. ஆனால் அவர் இருமி இருமிச் சொன்னதில் பாங்கு இன்னும் நீண்டு, புல்லாங்குழலையும் விழுங்கிவிட்டது. துஆ கேட்கும்போது விவரமாகக் கேட்க வேண்டும் என்று அன்று படித்தேன்.

“நீ சின்னப்புள்ளதானே,” என்றாள் ராத்தா ஒருநாள். “கோழிப் பொந்துக்குள்ளால போய்ப் பாத்திட்டு வாவங்கா. அவன் வாறானா, அவள் கூப்பிர்றாளா எண்டு மட்டும் பாத்தாப் போதும்.”

அடுத்த நாள் வாப்பா பள்ளிவாசலுக்குப் போனதும் பொந்துக்குள் நுழைந்தேன். தலை அந்தப் பக்கம் போனது. உடம்பு நடுவில் மாட்டிக்கொண்டது. நிமிர்ந்து பார்த்தால் வேலியில் முதுகைச் சாய்த்தபடி மணலில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மச்சான்!

அவர் பதறிப்போய் என்னை உள்ளே இழுத்தெடுத்தார். தலையில் ஒட்டிய கோழி இறகை எடுத்துவிட்டார். கையிலிருந்த கச்சான் கடலையைத் தந்தார். அப்போதுதான் வயலின் தாழ்ந்துகொண்டு வந்தது. பாங்கு தொடங்கியது, சத்தம் நின்றது. கொட்டகையில் பீடி குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட அடங்கினார்கள். நான் எட்டி எட்டிப் பார்த்தேன். எங்கள் முன்னால் கொட்டகையின் நடுக்கால் நின்றது. ஒரு தென்னங்குற்றியை முழுசாக நட்டிருந்தார்கள். அதற்கு இந்தப் பக்கம் திரையின் ஒரு துண்டு வெளிச்சம், அந்தப் பக்கம் ஒரு துண்டு வெளிச்சம். ஆளையும் காணவில்லை, அசைவையும் காணவில்லை. நான் பட்ட பாட்டுக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பாங்கு முடிந்ததும் மச்சானிடம் கேட்டேன். “அவன் தானா வந்தானா மச்சான், இல்லாட்டி அவள் கூப்பிட்டாளா?”

“ஆரு இதைக் கேட்டு வரச் சொன்ன?”

“ராத்தாதான்.”

மச்சான் வேலிப் பக்கம் திரும்பினார். புல்லாங்குழல் துள்ளிக்கொண்டிருந்தது, அவருடைய காலோ தாளம் போடவில்லை.

“அவன் எப்பயோ வந்துட்டான்,” என்றார். “வாசலுக்குக் கிட்டத்தான் நிக்கான். அவள் ‘வாங்க’ எண்டு ஒரு சொல்லுச் சொன்னாப் போதும். போய் இப்பிடியே சொல்லு, என்ன?”

திரும்பிப் போய் அப்படியே சொன்னேன். ராத்தாவுக்குக் கதையில் இருந்த ஆசை திடீரென்று எங்கே போனதோ தெரியவில்லை. மச்சான் எந்த இடத்தில் இருந்தார், வேலியில் சாய்ந்தா, முருங்கை மரத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, மெலிந்திருக்கிறாரா என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டாள். படத்தைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. இவளுக்காகவா முழங்கையைச் சிராய்த்துக்கொண்டேன் என்று எனக்குக் கோபம்.

மறுநாள் மாலை ராத்தா தலை வாரி, அவளுடைய நல்ல சீலையை உடுத்திருந்தாள். வேலியோரம், முருங்கை மரத்துக்கு இந்தப் பக்கம் போய் நின்றாள். நானும் நின்றேன். வயலின் தாழ்ந்தது. பாங்கு தொடங்கியது. வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ மெல்லச் செருமினார்கள். ராத்தா கிடுகில் கையை வைத்துக்கொண்டு பாங்கு முடியும்வரை அசையாமல் நின்றாள். பாங்கு முடிந்தது. மெஷின்காரர் சத்தத்தைத் திருப்பிக் கூட்ட எப்போதும் ஒரு மூச்சு நேரம் எடுப்பார். அந்த ஒரு மூச்சுக்குள் ராத்தா வேலியைப் பார்த்துச் சொன்னாள்.

“வாங்க.”

புல்லாங்குழல் எழும்பியது.

“அப்பிடியில்ல ராத்தா,” என்றேன் நான். “அவள் அழுதழுது சொல்லுவாள். நீ சிரிச்சிக்கிட்டுச் சொல்றா.”

ராத்தா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவளுடைய நெஞ்சு தறிபோல அடித்தது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

புல்லாங்குழல் அடங்குமுன் முன்பக்கக் கடப்பு வாசலில் மச்சான் நின்றார். அன்று சட்டை போட்டிருந்தார். உம்மா ஓடிப்போய்ப் பாயை விரித்தா. இஷா தொழுதுவிட்டு வந்த வாப்பா பாயில் மருமகனைப் பார்த்துவிட்டு, லாம்பின் திரியைத் தேவையில்லாமல் ஒருதரம் கூட்டி ஒருதரம் குறைத்தார்.

“ஆரும் கூப்பிட வந்தாங்களா?” என்று கேட்டார்.

“ஒருத்தரும் வரல்ல மாமா. நானாத்தான் வந்தன்.”

“ஓம் வாப்பா, ஒருத்தரும் கூப்பிடல்ல,” என்று நானும் சாட்சி சொன்னேன். அல்லாஹ்மேல் ஆணையாக உண்மையைத்தான் சொல்கிறோம் என்றே நினைத்தேன். ராத்தா அடுப்படியில் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாப்பா கையைக் கழுவினார். பிறகு மச்சானுக்கு எதிரில் அதே சகனில் சாப்பிட உட்கார்ந்தார். “ஆணம் ஆறுது, தின்னுங்க,” என்றார். வேலிக்கு அப்பால் கொட்டகை பாடிக்கொண்டிருந்தது. வாப்பா அன்று அதை ஏசவில்லை.

அந்தக் கலவரத்தில் அன்று படத்தின் கடைசிப் பாதியைக் கேட்காமல் விட்டுவிட்டேன். அடுத்த நாள் வேறு படம் வந்துவிட்டது. ராத்தாவிடமும் மச்சானிடமும் பல நாள் மனத்தாங்கலாகவே இருந்தேன். எனக்குப் பிடித்த படங்களில் அந்தப் பொத்தல் படமே முதலாவது. இன்றைக்கும் ஒற்றை வயலின் தாழ்ந்து வந்தால் என் வாய் தானாக மூடிக்கொள்கிறது.

மச்சானை அந்த வயதில் நான் ஒரு விஷயத்தில் மட்டும் முட்டாள் என்றே நினைத்தேன். அந்த மூலையில் அந்தத் தென்னங்குற்றிக்குப் பின்னால் உட்கார்ந்தால் திரையில் ஒன்றுமே தெரியாது. எனக்கே தெரியவில்லை, அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்? கொட்டகையில் அத்தனை நல்ல இடம் இருக்க, எங்கள் வேலியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு இந்த மனிதர் தினமும் என்னத்தைத்தான் பார்த்தாரோ என்று நினைத்துக்கொண்டேன்.