நான் பிடித்து எழுதிய எழுத்து

எனக்குப் பொறுமை கிடையாது. ஊசியில் நூல் கோக்க யாராவது தடுமாறினால், வெடுக்கென்று பிடுங்கி நானே கோத்துக் கொடுத்துவிடுவேன். அப்படிப்பட்டவள் தொண்ணூறுகளின் தொடக்கத்தில், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் பின்னால் இருந்த பால்வாடியில் டீச்சர். கொடுமைதான்.

பயிற்சியில் தெளிவாகத்தான் சொன்னார்கள். முதலில் குழந்தையின் கையைப் பிடித்து எழுத வைக்க வேண்டும். சில நாள் கழித்து மணிக்கட்டை மட்டும் தொட வேண்டும். அப்புறம் சும்மா பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். கட்டடத்துக்குக் கட்டுகிற சாரத்தைச் சுவர் நின்றதும் பிரித்துவிடுவதில்லையா, அப்படி. இதைப் பரீட்சையில் எழுதி நல்ல மார்க்கும் வாங்கினேன்.

ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் தாய்மார்கள் வந்து நோட்டைக் கேட்பார்கள். பக்கம் நிறைந்திருந்தால்தான் பாடம் நடந்ததாக அவர்களுக்கு அர்த்தம். அத்தனை குழந்தைகளும் கோணல்மாணலாகக் கிறுக்கி முடிக்கிற வரை யார் காத்துக்கொண்டிருப்பது? கையைப் பிடித்தேன், சரசரவென்று பக்கத்தை நிரப்பினேன். வருஷம் முழுக்க விடவே இல்லை.

திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து, கம்பெனியில் தைத்த பனியன்களைச் சரிபார்க்கிற செக்கிங்கில் வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகளை எப்படியாவது மெட்ரிக் பள்ளியில் சேர்த்துவிட வேண்டும் என்று ஒரே பிடியாக இருந்தாள். மகளின் நோட்டைக் கம்பெனிக்கே கொண்டுபோய், கூட வேலை செய்கிறவர்களிடம் காட்டுவாள். அதைக் கேட்டபோது எனக்கும் பெருமையில் தலைகால் புரியவில்லை.

ஜூனில் சேர்க்கைக்கு என்னையும் துணைக்குக் கூப்பிட்டாள். தலைமையாசிரியை சிலேட்டைக் கொடுத்து, பெயரை எழுதச் சொன்னார். குழந்தை பலப்பத்தைப் பிடித்துச் சிலேட்டில் கையை வைத்தது. வைத்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்துக் காத்திருந்தது. நான் வாசலோரம் நின்றிருந்தேன். ஒரு கோடுகூட விழவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

வெளியே வந்ததும் மகளின் முதுகில் ஓர் அடி வைத்தாள். "நோட்டு நோட்டா எழுதுனவளுக்கு இன்னைக்கு என்னட்டி பிடிவாதம்?"

"டீச்சர் கையப் பிடிக்கலம்மா" என்று அழுதாள் குழந்தை. சாக்குச் சொல்கிறாள் என்று இன்னொரு அடி.

அந்த எழுத்தெல்லாம் என்னுடையது என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அந்தத் தாயோ என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சிருங்க டீச்சர். நீங்க சொல்லிக் குடுத்ததுல ஒரு கொறையும் இல்ல. இந்தக் கழுததான் உங்க பேரக் கெடுத்துட்டா."

"வுடுங்க, கொழந்தை தானுங்களே" என்றேன். பெரிய மனசு பண்ணி, அந்தக் குழந்தையை மன்னித்துவிட்டு வந்தேன்.