தண்ணீர் முறை

யாழ்ப்பாணத்தில் மறதி நோய்க் கிளினிக் ஒன்றில், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தபோது, அவரைக் கண்டேன். எங்களுக்கு முன் நம்பர் அவருடையது. டொக்டரின் மேசைக்கும் எங்களுக்கும் இடையில் பாதி விலகிய ஒரு திரைச்சீலைதான். நீர்வேலி வாழைத்தோட்டக்காரர். தேய்த்த வெள்ளைச் சட்டை. விரல்களில் கழுவியும் போகாத வாழைக்கறை. பதில் சொல்லுமுன் ஒவ்வொரு தடவையும் தொண்டையைச் செருமுவார்.

"இண்டைக்கு என்ன கிழமை, ஐயா?" என்று கேட்டார் டொக்டர்.

அவர் செருமினார். பக்கத்தில் இருந்த மனைவி, "செவ்வாய்" என்று முணுமுணுத்தார்.

"நீ சொல்லித் தராதையப்பா. எனக்குத் தெரியேல்லை. அப்பிடியே எழுதுங்கோ, டொக்டர்."

"ஊர் அறிஞ்சா என்ன கதைக்கும்?" என்றார் மனைவி.

"இப்ப மட்டும் என்னவாம்? பங்குக் கிணத்திலை மற்றவன்ரை முறையிலை ரெண்டுதரம் என்ரை வாழைக்குத் தண்ணி விட்டிட்டன். கள்ளன் எண்டுறாங்கள். நான் கள்ளனில்லை, மறதிக்காரன்."

ஒரு கேள்வியை வைத்து முடிவு சொல்ல முடியாது, இரத்தமும் ஸ்கானும் பார்க்க வேண்டும் என்றார் டொக்டர்.

"எல்லாத்தையும் பாருங்கோ. அல்சைமர் எண்டா கிளினிக் கொப்பியிலை பெரிசா எழுதித் தாங்கோ. கிணத்தடியிலை நானே வாசிச்சுக் காட்டுறன்."

அடுத்து அம்மாவிடமும் கிழமையைக் கேட்டார்கள். அம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.