புளி போட்டுத் தேய்த்த போர்க்கப்பல்

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம் காரில் போனால் ஒரு படகுத்துறை வரும். அங்கே ஒரு பழைய கப்பலைக் கட்டிவைத்து, போர்க்கப்பல் என்று போர்டு மாட்டி, சனிக்கிழமைகளில் ஆட்களை ஏற்றிக் காட்டுகிறார்கள். அதில் பித்தளை தேய்ப்பது என் வேலை. சம்பளம் கிடையாது. மகன் காலேஜுக்குப் போன பிறகு நான் யாரோடும் பேசாமல் வீட்டிலேயே கிடக்கிறேன் என்று என் கணவர் என்னைக் கொண்டுபோய் அங்கே சேர்த்துவிட்டார். பித்தளையும் பேசாது என்பதால் எனக்கு அந்த ஏற்பாடு பிடித்துவிட்டது.

மற்ற வாலண்டியர்கள் ஏதோ டப்பாவிலிருந்து திரவம் ஊற்றி மாய்ந்து மாய்ந்து துடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் வீட்டிலிருந்து ஒரு உருண்டை புளி கொண்டுபோய் ஒரு ஜன்னல் வளையத்தைத் தேய்த்தேன். கப்பலைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜர், கடற்படையில் இருந்து ஓய்வுபெற்றவர், அதில் முகம் பார்த்து மீசையைச் சரிசெய்துகொண்டார். அன்றிலிருந்து கப்பலில் இருக்கும் பித்தளை எல்லாம் என் பொறுப்பு.

போர்க்கப்பல் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. இருமல் மருந்து விற்றுப் பணக்காரரான ஒருவர் சீட்டாடவும் குடிக்கவும் கட்டிய உல்லாசப் படகு அது. உள்ளே பியானோ, ஒயின் பாட்டில்களுக்கென்று தனி அறை. இரண்டாம் உலகப் போர் வந்ததும் கரைக்குப் பக்கத்தில் ரோந்து சுற்றக் கடற்படைக்குப் படகுகள் போதவில்லை. இதைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பியானோவை இறக்கினார்கள், வெள்ளைப் படகுக்குச் சாம்பல் வண்ணம் அடித்தார்கள், சாய்வு நாற்காலி இருந்த இடத்தில் ஒரு பீரங்கியைப் பொருத்தினார்கள். முதலாளி படகைக் கொடுத்தார், அதோடு தன் சமையல்காரரையும் சேர்த்துக் கொடுத்தார். தான் மட்டும் கரையிலேயே இருந்துகொண்டார்.

அந்தக் காலத்துப் பதிவேட்டின் நகல் ஒன்று கப்பலில் இருக்கிறது. பிளஸ் டூ இங்கிலீஷை வைத்துக்கொண்டு, போனில் அர்த்தம் பார்த்துப் பார்த்து, அதை முழுக்கப் படித்தேன். பனிமூட்டம், எதுவும் தென்படவில்லை. இன்ஜின் ரிப்பேர். பனிமூட்டம், எதுவும் தென்படவில்லை. ஒருநாள் மட்டும் நீர்மூழ்கிக் கப்பல் என்று நினைத்துத் தண்ணீருக்குள் வெடி போட்டிருக்கிறார்கள். அந்த அதிர்ச்சியில் முதலாளியின் ஒயின் கிளாஸ்கள்தான் உடைந்தன. மேலே மிதந்து வந்தவை மீன்கள். அன்று இரவு சாப்பாடு மீன் என்று அடுத்த வரியிலேயே எழுதியிருக்கிறது.

எதிரி யாரும் இந்தக் கப்பலால் சாகவில்லை. இந்தக் கப்பலில் செத்தது ஒரே ஒருவர், அந்தச் சமையல்காரர். ஒரு புயல் நாளில், மேல்தளத்தில் காவல் நின்றவர்களுக்குக் காபி எடுத்துக்கொண்டு போனபோது அவரை அலை அடித்துக்கொண்டு போய்விட்டது. போர் முடிந்து படகு திரும்பி வந்ததும் முதலாளி கேப்டன் தொப்பி வைத்துக்கொண்டு, தன்னை ஆளுயரத்துக்குப் படம் வரையச் சொல்லி மாட்டிக்கொண்டார். சமையல்காரருக்கு, அவரோடு வேலை பார்த்தவர்கள் சேர்ந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு பித்தளைத் தகடு செய்து சமையலறைச் சுவரில் திருகிவைத்தார்கள். உடல் கிடைக்கவில்லை, அதனால் கல்லறையும் கிடையாது. அவருடைய மகள் வருஷத்துக்கு ஒருமுறை, அப்பா இறந்த நாளை ஒட்டிய சனிக்கிழமை வந்து, அந்தத் தகட்டின் முன் சிறிது நேரம் நிற்பார். அப்பா போனபோது அவருக்கு மூன்று வயது. இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது.

போன வருஷம் அவர் வருவதற்கு முன் தகடு பளபளவென்று இருக்கவேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. இரண்டு வாரம் முன்னாலேயே ஒரு சனிக்கிழமை திருகாணிகளைக் கழற்றி, ராத்திரி முழுக்கப் புளித்தண்ணீரில் ஊறப்போடலாம் என்று தகட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அதே சனிக்கிழமை மத்தியானம் பார்சிப்பனி என்ற ஊரிலிருந்து ஒரு தமிழ் அங்கிள் வந்தார்.

பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். எந்த விழாவிலும் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவர். கப்பலுக்கு அவசரமாகத் தேவைப்பட்டது புது டாய்லெட். அதற்கு அவர் நன்கொடை கொடுத்திருந்தார். அதற்காகத் தன் பெயர்ப்பலகையை மாட்ட இடம் பார்க்க வந்திருந்தார். பலகை ஒரு தலைவாழை இலை அளவு இருந்தது. அவர் பெயர், அவர் மனைவி பெயர், இருவரின் பட்டங்கள்.

சமையலறைச் சுவருக்கு முன்னால் நின்றார்.

"இங்கதாம்மா எல்லாரும் நின்னு போட்டோ எடுக்கறாங்க. இந்த எடம் காலிதானே? பாரு, ஓட்டைகூட ரெடியா போட்டு வெச்சிருக்காங்க."

தகடு என் கைப்பையில் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெரியவர் கேட்டால் தலையாட்டிப் பழகிய தலை, அதுபாட்டுக்கு ஆடிவிட்டது.

அடுத்த வாரம் நான் பளபளக்கும் தகட்டோடு போனபோது தலைவாழை இலை சுவரில் ஏறியிருந்தது. மகள் வருவதற்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. மேனேஜரிடம் தகட்டைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். அவர் மீசையைத் தடவினார். நன்கொடையாளர் மனம் கோணக்கூடாது, அவர் ஒப்புக்கொண்டால் மாற்றிக்கொள்ளலாம், இல்லையென்றால் படிக்கட்டுக்கு அடியில், கயிற்றுப்பெட்டி பக்கத்தில் இடமிருக்கிறது என்றார். கடலில் போனவருக்குக் கயிற்றுப்பெட்டி பக்கத்தில் இடம்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். "அவருக்கு நீ போன் பண்ணப் போறியா? பீட்சாகாரனுக்கே நான்தானே பேசறேன்" என்றார். அந்த எரிச்சலில்தான் போனை எடுத்தேன் என்று நினைக்கிறேன்.

"அங்கிள், அந்த எடத்துல ஏற்கனவே ஒரு தகடு இருந்துச்சு. நான்தான் தேய்க்கக் கழட்டினேன். அன்னைக்கே சொல்லாதது என் தப்பு."

"யாரோடது?"

"அந்தக் கப்பல்ல செத்துப்போன குக்கோடது. அவர் பொண்ணு வர்ற சனிக்கிழமை வர்றாங்க."

"குக்குக்கு எதுக்கும்மா கிச்சன்ல போர்டு?"

அவரே தொடர்ந்தார். "அட்ஜஸ்ட் பண்ணி வேற எங்கயாவது வைக்கச் சொல்லு. நான் டொனேட் பண்ணியிருக்கேன்ல."

"அங்கிள், நம்ம ஊர்க் கோயில்ல டியூப்லைட் குடுத்தா டியூப்லைட்லதானே உபயம்னு பேர் எழுதுவாங்க. ஃபேன் குடுத்தா ஃபேன் ரெக்கையில. சாமி மேல எழுத மாட்டாங்கல்ல."

"அதுக்கு?"

"நீங்க குடுத்தது டாய்லெட்டு."

"நீ என்னம்மா படிச்சிருக்க?" என்று கேட்டார்.

"பிளஸ் டூ, அங்கிள்."

"அதான்," என்றார். "எங்கயோ மாட்டித் தொலை." போனை வைத்துவிட்டார்.

எங்கே என்று அவர் சொல்லவில்லை. ஆனால் வழக்கம் நமக்குத் தெரிந்ததுதானே. மேனேஜரிடம் அவர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று மட்டும் சொன்னேன். மகள் வரும் சனிக்கிழமை காலையில் முதல் ஆளாகப் போய், கணவரின் ஸ்க்ரூடிரைவரால் இரண்டையும் இடம் மாற்றினேன். டாய்லெட் கதவின் உள்பக்கத்துக்குப் பலகை அளவெடுத்த மாதிரி பொருந்தியது. உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக இருந்தது. அங்கிளுக்கு இதைவிட நிதானமாகப் படிக்கும் வாசகர்கள் சமையலறையில் கிடைத்திருக்கமாட்டார்கள்.

பதினோரு மணிக்கு அந்த மகள் வந்தார். கையில் தடி, கண்ணில் தடித்த கண்ணாடி. சுவருக்கு முன் நின்றார். நான் தேய்த்த தேய்ப்பில் எழுத்துக்குள் இருந்த கறுப்பெல்லாம் போய்விட்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். பளபளப்பு மட்டும் இருந்தது, படிக்க முடியவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு விரலால் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனார். கடைசி எழுத்து வந்ததும் விரலை எடுக்காமல் நின்றார். ஒவ்வொரு வருஷமும் இப்படித்தான் படிப்பேன் என்றார்.

கிளம்பும்முன் டாய்லெட் எங்கே என்று கேட்டார். கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வெளியே நின்றேன். திரும்பி வந்தபோது முகம் இறுகியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டார், "உள்ளே ஒரு கணவன் மனைவி பெயர் இருக்கிறதே, பாவம், அவர்கள் எப்படி இறந்தார்கள்?"

"இல்லை, பார்சிப்பனியில் சௌக்கியமாக இருக்கிறார்கள்" என்றேன்.